பச்சையில் நாலாவது கழுத்து

சுரியா: போர்வையில இந்த மஞ்சள் துண்டை நீலத்துக்குப் பக்கத்துல வைக்கட்டுமாக்கா?

ஜபீதா: வேணாம். ரெண்டும் அடுத்தடுத்த பெருநாளுக்கு எடுத்த துணி, சண்டை போடும். குறுக்க ஒரு ரோஸை விடு.

சுரியா: துணி கூடவா சண்டை போடும்...

ஜபீதா: நம்ம வீட்டுத் துணியாச்சே. மெதுவா பேசு. அப்பா இப்பத்தான் கண் அசந்தாரு.

சுரியா: வலைத் தூளியில படுத்துட்டா ஊரே முங்கினாலும் அப்பாவுக்குத் தெரியாது. குறட்டையைக் கேளேன்... மழையும் அதுவும் ஒரே தாளம். எனக்கே கண்ணைச் சொக்குது.

ஜபீதா: ஊசி குத்துனா முழிப்பு வரும். அது என்ன, அலமாரி மேல கை?

சுரியா: பெருநாளைக்கு அப்பா வாங்கின மூட்டைதானே? இந்த வருஷம் என்ன நிறம்னு பார்க்கலாம்னு... ஐயோ, என்ன கனம்.

ஜபீதா: மழையில நனைஞ்சிருக்கும். பிரிக்காத. அவர் கையாலதான் பிரிப்பாரு.

சுரியா: மஞ்சள் பெருநாள் ஞாபகம் இருக்கா? வீட்டுல எல்லாருக்கும் அதே துணி. எனக்குக் கன்னம் வீங்கிப் போய்... ஆத்தோரமா வரிசையா நடக்குறோம், 'வாழைத்தார் போகுது'ன்னு ஊரே சிரிச்சுது.

ஜபீதா: தாருக்கு முன்னாடி அப்பா. காம்பு மாதிரி விறைப்பா.

சுரியா: நேத்து ஒரு கனவுக்கா. இந்தப் போர்வை ஆத்து மேல விரிஞ்சு கிடக்கு. அலையே இல்ல. அண்ணன் அது மேல நடந்து வரான்... மஞ்சள்ல ஒரு கால், நீலத்துல ஒரு கால். துணி நனையவே இல்ல. பச்சை வந்ததும் நின்னுட்டான்.

ஜபீதா: அவன் பேச்சை எடுக்காத.

சுரியா: பேரையா சொன்னேன்? கனவுதானே... ஆமா, இந்தப் போர்வை ஏன் இத்துனூண்டா இருக்கு?

ஜபீதா: வாடிக்கைக்காரங்க கேட்டாங்க. கைக்குழந்தைக்கு.

சுரியா: யார் வீட்டுக் குழந்தை?

ஜபீதா: பள்ளிவாசல் பக்கம்... உனக்குத் தெரியாது.

சுரியா: இந்த மாராங் ஊர்ல எனக்குத் தெரியாத வீடா? ஊரான் பிள்ளைக்கு யாராவது சொந்தப் பெருநாள் துணியைத் தைச்சுக் குடுப்பாங்களா? அது வீட்டுப் பிள்ளைக்குத்தானே போர்த்துவாங்க.

ஜபீதா: ...இதுல நூல் கோத்துக் குடு. கண்ணு மங்குது.

சுரியா: நேத்து கடுகு பொறுக்கின கண்ணு.

ஜபீதா: வாயைக் குறைச்சுக்கிட்டு அந்தப் பச்சைத் துண்டுக் கட்டைப் பிரி. கழுத்து வெட்டின வட்டத் துண்டு இருக்கும். நடுவுல பூவா வைக்கணும்.

சுரியா: இது ஒண்ணு... இது ரெண்டு... அக்கா, சட்டைக்கு ஒரு கழுத்துதானே?

ஜபீதா: வேற எத்தனை இருக்கும்?

சுரியா: அம்மா போனப்புறம் நாம நாலு பேர். பச்சை, அண்ணன் ஓடிப்போன அடுத்த பெருநாள். அப்போ மூணு பேர். இங்க நாலு வட்டம் இருக்கே.

ஜபீதா: ஒண்ணு தப்பா வெட்டியிருப்பேன்.

சுரியா: ஊதாவிலயும் நாலு. அதுவும் தப்பா? வருஷா வருஷம் தப்பா வெட்டுற தையல்காரியை நம்பி யாரு துணி குடுப்பா?

ஜபீதா: சத்தம் போடாத.

சுரியா: குறட்டை நின்ன மாதிரி இல்ல?

ஜபீதா: மழை வலுத்திருக்கு, அதான் கேக்கல. கிட்ட வா... மொக்தாருக்குத்தான் தைச்சேன். சின்னம்மா மூலமா அவன் இருக்கிற கெமாமானுக்கு அனுப்பிடுவேன். பெருநாளன்னிக்கு என் தம்பி மட்டும் வேற நிறத்துல நின்னா எனக்கு மனசு ஆறாது சுரியா. அவனைத் திட்டிக்கிட்டேதான் தைச்சேன்.

சுரியா: அப்பா சொன்னது மறந்துபோச்சா? அவன் கல்யாணத்துக்கு எருமை வெட்டி, நெய்ச்சோறு ஆக்கி, மேளக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க... மாப்பிள்ளை பேசின பொண்ணை விட்டுட்டு ரம்லாவோட பஸ்ல போறான். இனிமே இந்த வீட்டுல அவன் பேரை யாரும் சொல்லக் கூடாதுன்னாரே.

ஜபீதா: சொல்லலையே. தைச்சேன், அவ்வளவுதான்.

சுரியா: மூணு பேர் துணி நாலு பேருக்கு எப்படிப் பத்துச்சு? என் பச்சைப் பாவாடையில கொசுவம் கூடக் குறையலயே.

ஜபீதா: அதான் எனக்கும் புரியல. இழுத்துப் பிடிச்சு வெட்டணும்னு உக்காருவேன். விரிச்சா தாராளமா இருக்கும். என் கை ராசின்னு நெனச்சுக்குவேன்.

சுரியா: அப்போ இந்தப் போர்வை...

ஜபீதா: அவனுக்குக் குழந்தை பிறந்திருக்காம். சின்னம்மா சொன்னா.

சுரியா: பொம்பளப் பிள்ளை. நம்ம அப்பா மூக்கு.

ஜபீதா: ...உனக்கு எப்படித் தெரியும்?

சுரியா: வெள்ளிக்கிழமை சந்தையில பார்த்தேன். அந்தப் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தான், தொப்பையில இறுக்கமா. நீ மட்டும்தான் மறைப்பியா?

ஜபீதா: அடிப்பாவி... தெரிஞ்சுக்கிட்டேதான் கழுத்தை எண்ணுனியா?

சுரியா: இப்ப சின்னம்மா வீட்டுக்குத்தான் வந்திருக்காங்க, அக்கரையில. சாயங்காலமானா நம்ம விளக்கு அங்க தெரியுதாம். 'பிள்ளையைத் தூக்கிட்டு வரட்டுமா? அப்பா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரா?'ன்னு கேட்டான். நான் மீனை வாங்கிட்டு வந்துட்டேன்.

ஜபீதா: நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். பிள்ளையோட வந்து நின்னு, இவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா... அப்புறம் அவன் வரவே மாட்டான்டி.

அப்பா: கை ராசியாம், கை ராசி.

ஜபீதா: அப்பா... முழிச்சா இருந்தீங்க?

அப்பா: நீங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசினா அக்கரையில இருக்கிறவனே முழிச்சுக்குவான். துணிக்கடைக்குப் போறது யாரு? நீயா, நானா?

ஜபீதா: நீங்கதாம்பா.

அப்பா: எத்தனை பேருக்குன்னு கடைக்காரன் கேப்பான். வருஷா வருஷம் நாலுன்னுதான் சொன்னேன். மூணுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஜபீதா: எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா.

அப்பா: அழாத. துணி நனையுது. பூவை நல்லா நடுவுல வை.

சுரியா: அப்பா... அந்த மூட்டை ஏன் அவ்வளவு கனமா இருக்கு?

அப்பா: பிள்ளை பிறந்ததை உங்க சின்னம்மா என்கிட்டயும்தான் சொன்னா. இந்த வருஷம் ஆறு பேருக்குன்னு சொன்னேன்.