காக்கிச் சட்டைப் பையில் யூதா ததேயு

பாருங்க... நம்ம புனிதர்களுக்கு நாம எவ்வளவு அழகா இலாகா பிரிச்சுக் கொடுத்திருக்கோம். தொண்டையில முள்ளு சிக்குனா பிளேசியார். கண்ணு மங்குனா லூசியம்மா. அம்மை போட்டா செபஸ்தியார். ஏதாவது தொலைஞ்சு போச்சா... அந்தோணியார். இனி ஆகவே ஆகாதுன்னு எல்லாரும் கைய விரிச்ச காரியமா... யூதா ததேயு. சரிதானே? இதுல ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டையே வந்திருச்சு. அதச் சொல்றேன், சின்னக் கதைதான்... யாரும் வாட்ச்சப் பாக்காதீங்க. பாவசங்கீர்த்தனத்துல யாரும் எங்கிட்ட பாவத்த அறிக்கையிட்டுக் கேட்டதும் இல்ல, பயப்படாதீங்க. அந்தம்மாவே சொல்லச் சொன்னாங்க. பேரை மட்டும் மாத்தியிருக்கேன்.

ராயப்பன்னு வச்சுக்குவோம். அரசு பஸ் டிரைவர். சம்சாரம் சலேத்து மேரி. ஒரே பையன், பிரிட்டோ. கைக்குழந்தையா இருந்தப்ப அவன் பொழைக்கவே மாட்டான்னு ஆயிருச்சு. பொழைச்சா இவனச் சாமியாரா ஆக்குறேன்னு அப்பா நேர்ச்சை வச்சாரு. பொழைச்சான், வளர்ந்தான். பங்குச் சனமே கூடி மாலை போட்டு, சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பி வச்சது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பெட்டியோட திரும்பி வந்து நிக்கிறான். "எனக்குத் தேவ அழைத்தல் இல்லப்பா"ங்கிறான்.

அப்பாவுக்கு எப்படி இருக்கும்? இனி கோயில்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்னு கத்துனாரு. அதோட விட்டாரா? "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத"ன்னுட்டாரு. பையன் கீழ வச்ச பெட்டியத் திரும்ப எடுத்துக்கிட்டான். போனவன்தான்... போனும் இல்ல, தகவலும் இல்ல.

அன்னையிலேர்ந்து அந்தம்மா செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோணியார் கோயில்லதான். மெழுகுதிரி ஏத்திட்டு நிப்பாங்க, ஜெபமே வராதாம். எங்க இருக்கான்னு மட்டும் காட்டும், எங்க இருக்கான்னு மட்டும் காட்டும்னு இதையேதான் கேப்பாங்களாம். வீட்டுல மீன் கொழம்பு வைக்கிறதையே விட்டுட்டாங்க, அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிய யாரு செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டாலும் எட்டிப் பாப்பாங்க. பெத்த வயிறு ஏங்குறதுன்னா அதுதான்யா.

ஒருநாள் துவைக்கிறதுக்குப் புருஷனோட காக்கிச் சட்டைய எடுக்குறாங்க. பையில யூதா ததேயு படம். வேர்வையில ஓரமெல்லாம் நைஞ்சு கிடக்கு. அதப் பாத்ததும் அந்தம்மா துவைக்கிறத அப்படியே போட்டுட்டாங்க. ஏன்? யோசிங்க... யூதா ததேயுகிட்ட போறதுன்னா, அவங்க கணக்குல, பிள்ளையக் கைகழுவியாச்சுன்னு அர்த்தம்.

நேரா போய்ப் புருஷன் முன்னால படத்த வச்சாங்க. "எம்புள்ள தொலைஞ்சு போனவன். தொலைஞ்சது கிடைக்கும். அவன ஆகாத காரியம்னு நீங்க எப்படி இவர்கிட்ட கொண்டு போகலாம்?"

ராயப்பன் அந்தப் படத்தக் கையில எடுத்தாரு. அப்புறம் மெதுவா சொல்றாரு...

"அவனுக்காகப் போகல சலேத்து. எனக்காகப் போறேன். ஆகாத காரியம் நான்தான்."

அப்பதான் விஷயம் வெளிய வருது. அவரு ஓட்டுற ரூட்டுல ஒரு டவுன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஒரு வருஷமா பிரிட்டோ அங்கதான் வேலை பாக்குறான். இவரு பஸ்ஸ நிறுத்திட்டு, உக்காந்த இடத்துலேர்ந்தே பாத்துக்கிட்டு இருப்பாராம். பாக்கப் பாக்க ஆசை தீராதாம். ஆனா கால் கீழ இறங்காது... சொன்ன வார்த்தை அப்படி. இறங்குற தைரியத்தக் கொடும்னு யூதா ததேயுவக் கெஞ்சுவாரு. கண்டக்டர் விசில் கொடுத்ததும் வண்டிய எடுத்துட்டுப் போயிருவாரு.

ஒரு வருஷம் தெரிஞ்சும் பெத்தவகிட்ட சொல்லல. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அந்தச் சட்டையோட சேத்து அவரையும் துவைச்சிருப்பீங்க. அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க...

"எளைச்சிருக்கானா?"

மறுநாள் அவரு பஸ்ஸுலயே ஏறி முன் சீட்டுல உக்காந்துட்டாங்க. அந்த ஊரு வந்துச்சு. எதிர்ல கடை. உள்ள குனிஞ்சு வேலை செய்யிறான் பிள்ளை. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க உடம்பெல்லாம் துடிக்குது. ஆனா அந்தம்மா எந்திரிக்கல. ஏன்? தான் போய்க் கூப்பிட்டா அம்மாவப் பாக்க வருவான், வீட்டுக்கு வரமாட்டான்னு அவங்களுக்குத் தெரியும். புருஷனப் பாத்துச் சொன்னாங்க...

"வரவேண்டாம்னு சொன்னது நான் இல்ல. நீங்க போங்க."

விசில் கொடுத்தாச்சு. ஏறி உக்காந்தவங்கெல்லாம் முணுமுணுக்கிறாங்க. ராயப்பன் இன்ஜின அணைச்சாரு. கதவத் திறந்தாரு. இறங்குனாரு. ரோட்டைத் தாண்டிப் போய்க் கடை வாசல்ல நின்னாரு... உள்ள கால் வைக்கல. பையன் நிமிர்ந்து பாக்குறான். வாசல மிதிக்காதன்னு சொன்ன அந்த மனுஷன் கேக்குறாரு...

"உள்ள வரலாமாய்யா?"

இறைமக்களே... அந்தோணியார் அந்தப் பிள்ளையக் கண்டுபிடிச்சுக் கொடுத்து ஒரு வருஷம் ஆச்சு. கண்ணுக்கு முன்னால கொண்டுவந்து வச்சுட்டாரு. ஆனா அந்த ரோட்டை? அத நமக்காக எந்தப் புனிதரும் தாண்ட மாட்டாரு. நாமதான் தாண்டணும்.

யூதா ததேயு திருவிழாவுக்கு வந்திருக்கீங்க. திருந்தாத மகன்... பேசாத தம்பி... ஒத்து வராத மருமக... எல்லாரையும் ஆகாத காரியம்னு இவர் பாதத்துல கொண்டுவந்து வைக்கிறீங்க. வைங்க. ஆனா உங்களை வச்சீங்களா? உங்க குரலக் கேக்க மாட்டோமான்னு எங்கயோ ஒருத்தர் ஏங்கிக்கிட்டு இருக்காங்க. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல... இப்ப உங்க மனசுல ஒரு முகம் வந்திருச்சு. தேர் புறப்பட இன்னும் நேரம் இருக்கு. வெளிய போய் ஒரு போன் பண்ணிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கோம்.