ஏழு நாளில் தானாக முடியும் புகார்

— நாலு போதும். பத்துக்கு நாலு. போட்டுட்டுக் கையெழுத்தைப் போடு, டெல்பின்.

— புது புகார் சாஃப்ட்வேரைச் சோதிச்சுப் பாத்துத்தான் எட்டு போட்டிருக்கேன், கோதண்டபாணி சார்.

— எட்டா! பாரும்மா, பழசு பதினஞ்சு வருஷமா ஓடுது.

— ஓடல சார். தள்ளிக்கிட்டு இருக்கோம். இன்னிக்குக் காலையிலயும் தொங்கிடுச்சு.

— தொங்கட்டுமே. எந்தப் புகாரா இருந்தாலும் ஏழு நாள்ல தானா முடிஞ்சிடுது இல்ல? அதனாலதான் நம்ம ஆபீஸ்ல பாக்கியே கிடையாது.

— வேலை நடக்காட்டியும் முடிஞ்சிடுது.

— அது ஃபீல்டு ஆளுங்க பாடு.

— புதுசுல, புகார் கொடுத்தவங்க ஆச்சுன்னு சொன்னாத்தான் முடியும். அதுக்குத்தான் எட்டு.

— அதுக்குத்தான் நாலு! ஜனங்க என்னிக்கு ஆச்சுன்னு சொல்லியிருக்காங்க? அத்தனையும் பாக்கி நிக்கும். மேல என்னைக் கேப்பாங்க. மார்ச்சுல ரிட்டயர்மென்ட் எனக்கு. பாரும்மா, முரண்டு பிடிச்சா உன்னை மணலிக்கு மாத்திடுவாங்க.

— மாத்தட்டும்.

— அப்படியே உங்கப்பா. ஆம்ப்ரோஸ் வாத்தியார் எனக்குக் கணக்குல முப்பத்தி நாலு போட்டு ஃபெயிலாக்கினாரு.

— முப்பத்தி நாலுதானே சார் வாங்கினீங்க? புதுசுல ஒரு புகாரை நீங்களே முடிச்சுப் பாருங்க. முடிஞ்சா நாலு போட்டுடறேன்.

— சுலபமா ஒண்ணு எடு.

— இது, கால்வாய்த் தெரு செண்பகம். மழைத்தண்ணிக் குழிக்கு மூடி இல்ல. பழசுல நாலு தடவை தானா முடிஞ்சிருக்கு.

— முடிஞ்சதைத் தோண்டுற. சரி, இந்த பட்டன்தானே? ஏய், என்னது, ரிங் போகுது?

— அவங்களுக்குத்தான் சார். ஸ்பீக்கர்ல இருக்கு. பேசுங்க.

— அலோ, யாரு?

— கார்ப்பரேஷன் ஆபீஸ்லேர்ந்து பேசுறேம்மா. குழிக்கு மூடி இல்லைன்னு சொல்லியிருந்தீங்களே?

— நாலு வாட்டி சொன்னேன் நைனா. முடிஞ்சிச்சுன்னு மெசேஜ் மட்டும் வந்துக்கினே கீது. இப்போ இன்னா?

— குழி இன்னும் திறந்தா இருக்கு?

— இல்லியே. கெட்டியாப் பலகை கீது. புள்ளைங்க ஏறிக் குதிக்குதுங்க.

— பாத்தியா டெல்பின்! நம்ம ஆளுங்க போட்டுட்டாங்க. அம்மா, ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— எந்த ஆளு? நாந்தான் போட்டேன். பக்கத்து ஊட்டுக் கொயந்தை உள்ள வியுந்து, தலைமுடியப் புடிச்சித் தூக்குனோம். அன்னிக்கே போட்டேன்.

— நல்ல காரியம். பலகை தாங்குதுல்ல? ஆச்சுன்னு சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன். மூடி வரட்டும், சொல்றேன். நான் வேலைக்கும் போவாம ஊட்டுக்குக் காவல் கீறேன், நீ வேற.

— டெல்பின், இதை எப்படி முடிக்கிறது?

— அவங்க சொல்லல சார். முடியாது. எட்டு எட்டுதான். கையெழுத்துப் போட்டாச்சு.

— சரி, சரி. அம்மா, மூடிக்கு ஆள் அனுப்புறேன். தெருவுல எது உங்க வீடுன்னு கேக்கணும்?

— கேக்கவே வாணாம் நைனா. கதவு இல்லாத ஊடு இங்க ஒண்ணுதான். அந்தக் கதவு மேலதான் புள்ளைங்க குதிச்சிக்கினு கீதுங்க.