கேட்டில் மட்டும் ஏறும் பிரஷர்

"வூட்டுல பாத்தா நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆலை கேட்டுல அந்தப் பட்டைய கையில சுத்துனாத்தான் பிரஷர் எகிறுது."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற காலை பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர், மடியில் மஞ்சள் ஹெல்மெட். சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. சொன்னவர் இளையவர்.

"நேத்தும் திருப்பி அனுப்பிட்டாங்களா மாப்ள?" என்று கேட்டார் மூத்தவர்.

"மூணாவது நாளு. பிரஷர் இருக்கறவன் உசரத்துல ஏறக் கூடாதாம், தலை சுத்தி வுழுந்துடுவேனாம். பதினோரு வருஷமா ஏறுறேன், ஒரு நாள் சுத்துனதில்ல. இப்ப கேட்டுல நிக்கறப்பதான் சுத்துது."

"தூங்குறியா?"

"எங்க? படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. சோறு எறங்கல, வயிறு எரியுது. புள்ள ஏதாவது கேட்டா அடிச்சுடுறேன். நாளைக்கும் அனுப்பிட்டா என்ன பண்றதுங்கற நெனப்புதான்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கவலைப்படாத, தானா எறங்கும்னாரு. வேலைக்கு வுட்டா கவலைப்பட மாட்டேன் சார்னேன். மொதல்ல பிரஷர் எறங்கட்டும், அப்பறம் வேலைக்குப் போலாம்னாரு."

மூத்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைப் புகைபோக்கி தெரிந்ததும், சட்டைப் பையிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்தார்.

"எங்க வூட்டுக்காரியோட பிரஷர் மாத்திரை. நானும் இதப் போட்டுட்டுத்தான் வரேன். ஒண்ணு போட்டுக்க, கேட்டுல ஒண்ணும் காட்டாது. மேல போனா கொஞ்சம் தலை சுத்தும், கம்பிய இறுக்கிப் புடிச்சுக்க."