சுண்ணாம்புச் சத்து மாத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகம், ஐயா. கடுகளவு திருகாணியைக் கை நடுங்காமல் பூட்டிப் பூட்டி அது தானாக வந்துவிடும். அந்தப் பொறுமையோடுதான் என் தங்கையையும் வளர்த்தேன். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள் படுத்த படுக்கையானாள். கட்டட வரைபடம் போடுகிற நல்ல வேலை, போகவில்லை. தலை வாரவில்லை. ஊட்டினால் விழுங்குவாள், அவ்வளவுதான். டாக்டரம்மா மனச்சோர்வு நீக்கும் மாத்திரை என்று ஒன்றை எழுதினார். "அப்படின்னா சந்தோஷமா வச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. பேர்ல உள்ளது மட்டுந்தான். சோர்வைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். மத்ததை அவங்களே பாத்துப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆறாவது வாரம் அவளே தலைக்குக் குளித்தாள். எட்டாவது வாரம் வேலைக்குப் போனாள். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. எனக்காக நீ பட்டது போதும். இனிமே உனக்காக வாழு" என்றாள். எனக்காக என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதே வெள்ளை, அதே அளவு. அவள் மருந்து டப்பாவில் மாற்றிப் போட்டேன். கெடுதல் இல்லாத மாத்திரைதானே. மூன்றே வாரத்தில் அவள் மறுபடி படுத்தாள். ஊருக்குப் போகும் பேச்சு நின்றது. நான் ஊட்டினேன்.

"ஒரு வேளைகூட விடாமத்தான போடுறேன். ஏன்க்கா தேறல? கோளாறு மருந்துல இல்ல, எங்கிட்டதான்" என்று அழுவாள். முதுகைத் தடவிக்கொடுப்பேன். அப்போது சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா ஒன்றை இரண்டாக்கினார். நானும் இரண்டாக்கினேன்.

செவ்வாய்க்கிழமை நான் கடையில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்துவிட்டாள். விழுந்தாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. ரத்தத்தில் மருந்தே இல்லையென்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்களாம். எப்படி இருக்கும்? மாற்றியது நான்தான். ஏழு மாதமாக, என் கையால்.

பழைய மாத்திரையையே திரும்ப ஆரம்பித்திருக்கிறார்களாமே. நர்ஸுகளுக்கு ஆயிரம் வேலை, மறந்துபோவார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள். சீக்கிரம் விட்டால், மத்தியான மாத்திரையை நானே போய்க் கொடுத்துவிடுவேன்.