உமி பெல்ட் நின்ற மத்தியானம்

— யாரக் கேட்டு உமி பெல்ட்ட நிறுத்தன, அகல்யா?

— யாரையும் கேக்கலைங்க, மேனேஜர் சார். கேட்டுகினு நிக்க நேரமில்ல. கன்ட்ரோல் பேனல்ல நான்தானே இருக்கேன். நிறுத்திட்டேன்.

— பெல்ட்டுல உமி போவலன்னா பாய்லர் அணைஞ்சிடும்மா. தொட்டியில எட்டு டன் நெல்லு ஊறிகினு இருக்குது. ஆவி போவலன்னா சாயங்காலத்துக்குள்ள நாறிப்பூடும். ஆரணி அரிசின்னு மூட்டையில போட்டு விக்கிறோம், நாத்தம் புடிச்ச அரிசிய எவன் வாங்குவான்?

— தெரியுங்க சார்.

— இன்னா தெரியும்? போன வாரமும் இதே மாதிரி நிறுத்தன. ஏறிப் பாத்தா ஒண்ணியும் இல்ல. முதலாளி என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு. இன்னிக்கும் ஒண்ணியும் இல்லன்னு வையி, நாளையிலேருந்து நீ வர வேணாம். சொல்லிட்டேன்.

— சரிங்க சார். ஃபிட்டர் முத்துவேல் அண்ணன் மேல ஏறியிருக்காரு. அவரு வந்து சொல்லட்டும்.

— மேல பெல்ட்டுகிட்ட பெருக்கிகினு இருந்த பொம்பளைங்க?

— அவங்கள மொதல்ல எறக்கிட்டு அப்பறம்தான் நிறுத்தினேன். நாலு பேரும் கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க. பாஞ்சாலை அக்காதான் செருப்ப விட்டுட்டேன், எடுத்துகினு வரேன்னு திரும்ப ஏறப் பாத்துச்சு. கையப் புடிச்சி இழுத்துட்டேன்.

— ம்... அது வரைக்கும் சரி. தோ, முத்துவேலே வந்துட்டான். இன்னாபா, ஒண்ணியும் இல்லதானே? ஜல்தியா சொல்லு, பெல்ட்ட ஓட்டணும்.

— ஓட்டிடாதீங்க சார்! பெல்ட்டுக்கு அடியில, நடுவுல ஒரு ரோலரு சுத்தாம சிக்கிகினு கீது. பெல்ட்டு அதுமேல ஒரசி ஒரசி, ரோலரு தோசக்கல்லு மாதிரி காஞ்சிகினு இருந்துச்சு. கீழ சிந்தின உமி உள்ளுக்குள்ளயே செவசெவன்னு கனிஞ்சிகினு கெடந்துச்சு சார்.

— ஐயய்யோ! தண்ணி பீச்சி அணைச்சியா இல்லியா?

— பீச்சத்தான் போனேன். நான் ஏறும்போதே இந்தப் பொண்ணு சொல்லி அனுப்புனது ஞாபகம் வந்துச்சு. நெருப்பு இருந்தா பீச்சாதண்ணா, உமித் தூசி கெளம்பினா குப்புனு மொத்தமும் புடிச்சிக்கும், வாசல் தெளிக்கற மாதிரி தெளின்னுச்சு. தெளிச்சேன். நின்ன பெல்ட்டையும் நனைச்சி வுட்டேன், இல்லன்னா அந்த சூட்டுலயே அதுவும் பத்திக்கும். கைய வச்சிப் பாத்துட்டுதான் எறங்கினேன். ஜில்லுனு கீது.

— இன்னும் எவ்ளோ நேரம் தாங்கியிருக்கும்?

— கால் மணி நேரம் தாங்கினா அதிகம். அந்த நாலு பொம்பளைங்களும் அது பக்கத்துலதான் பெருக்கிகினு இருந்தாங்க.

— உக்காரும்மா அகல்யா. ஒரு டம்ளர் தண்ணி குடி.

— அப்பறம் குடிக்கறேன் சார். பெல்ட்டு திரும்ப ஓடற வரைக்கும் பேனல விட்டு நகர மாட்டேன்.

— நாளைக்கு வர வேணாம்னு சொன்னேன் பாரு... கோவத்துல சொல்லிட்டேன்மா. மனசுல வச்சிக்காத.

— நீங்க சொன்னாலும் வந்திருப்பேன் சார்.

— வரணும். வந்துதான் ஆவணும். முத்துவேலு, வேற ரோலரு இருக்குதா?

— ஸ்டோர்ல கீது சார். ஒரு மணி நேரம் குடுங்க, மாட்டிடறேன். நெல்லுக்கு ஒண்ணியும் ஆவாது.

— அப்பாடா! வயித்துல பால வார்த்தப்பா. இரு, முதலாளிக்குப் போன் போடறேன். சூடு பாக்கற சென்சாரு எதுக்கு, வெட்டிச் செலவுன்னாரு. நான்தான் அடம்புடிச்சி வாங்க வச்சேன். இன்னிக்கு அது கரெக்டா மணி அடிச்சி நாலு உசுரக் காப்பாத்திக்கீது!

— மணி அடிக்கலைங்க சார்.

— இன்னாது?

— காலைல ஏழு மணிலேருந்து நாப்பது டிகிரின்னே காட்டிகினு இருந்துச்சு. இந்த வெயில்ல, ஓடற பெல்ட்டு, மத்தியானம் வரைக்கும் ஒரு டிகிரி கூட ஏறாம எறங்காம இருக்குமா? சென்சாரு செத்துப் போச்சு, மேல சூடு ஏறினாலும் தெரியாதுன்னுதான் சார் நிறுத்தினேன்.