தேருக்கு இருநூறு ஃபியூஸ்

கிள்ளானில் ஏறிய காலை ரயிலில், எனக்கு எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் போட்ட சத்தத்தில் நான் கைப்பேசியை மூடிவிட்டேன்.

"இருநூறு பேட்டரி செல்லுக்கு இருநூறு ஃபியூஸா? பைத்தியமா அக்கா உங்களுக்கு?"

"எல்லாம் பழைய லேப்டாப்ல இருந்து கழட்டுனது லா. எது எப்ப கெட்டுப்போகும்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு செல்லுக்கும் முடி மாதிரி ஒரு கம்பி சோல்டர் பண்ணேன். ஒன்னு கெட்டா அதோட கம்பி மட்டும் எரிஞ்சு விட்டுடும். மத்ததெல்லாம் ஓடும்."

"தேர் லைட்டு முழுக்க அந்த பேட்டரியிலயா? கோயில் கமிட்டி ஒத்துக்கிச்சா?"

"எதுக்கும் வருஷா வருஷம் ஓடுற ஜெனரேட்டர் லோரி பின்னால வரட்டும்னாங்க. வந்துச்சு. ஸ்டார்ட் பண்ணவே இல்ல."

"ஒரு கம்பிகூட எரியலயா?"

"ரெண்டு எரிஞ்சிருக்கு. மறுநாள் பெட்டியத் திறந்தப்பதான் எனக்கே தெரியும்."

இளையவள் அக்காவின் விரலில் இருந்த சூட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் பார்த்தேன். இத்தன வருஷமா தேருக்குப் பின்னாலதான் நடக்கிறேன். இந்த வருஷந்தான் அக்கா நாதஸ்வரம் காதுல விழுந்துச்சு."