லாரஸுக்கு வந்த முட்டை

அந்த நாற்காலி வேணாம் சிஸ்டர், கால் ஆடும். பாயிலயே உக்காருங்க. லாரஸ் உள்ள தூங்குறா, எழுப்ப வேணாம். எடைதான் போன வாரமே பார்த்தாச்சே. பத்துக் கிலோ நூறு. மூணு மாசமா அதே பத்துக் கிலோ நூறு. மூணு வயசுப் புள்ள.

லாரஸுக்கு நீங்க குடுக்குற முட்டைய நிறுத்தலாமா வேணாமான்னு பார்க்கத்தான வந்திருக்கீங்க? தெரியும். நிறுத்திடாதீங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

புரோட்டீன்னா என்னன்னு என்னையவா கேக்குறீங்க? இந்தக் குடூஸ் ஊருல அது தெரியாத கோழிகூடக் கெடையாது. கிராம ஆபீஸ் செவுத்துல எழுதியிருக்கு, பிஸ்கட்ல எழுதியிருக்கு, சோப்புலகூட ஒண்ணு பார்த்தேன். எங்கப்பா வீட்டுல அந்த வார்த்தை இல்ல, முட்டைதான் இருந்துச்சு. ஒரு முட்டையில மாவக் கலந்து அகலமா ஊத்தி, பாதி அப்பா தட்டுல போகும். மிச்சத்த நாங்க அஞ்சு பேரு பிச்சுக்குவோம். சம்பாதிக்கிறவங்க தட்டுக்குத்தான் நல்லது போகும். யாரும் ஏன்னு கேட்டதில்ல. இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான்.

அதான், புள்ளைங்கள எடை போடுற உங்க முர்தினாக்கா வாரத்துக்கு ஏழு முட்டையக் கொண்டாந்து வெச்சு, இது சாப்பாடில்ல வார்தினி, புள்ளைக்கு மருந்து, இதுல யாருக்கும் பங்கு கெடையாதுன்னதும், எங்க வீட்டுக்காரருகிட்ட சத்தியமே வாங்கினேன். நான் காலையில ஆறு மணிக்கே கெளம்பிருவேன், கிராம்பு சிகரெட் சுத்துற வேலை. செங்கச்சூளைய மூடுனதுலேர்ந்து அவருக்கு வேலை இல்ல. சமையல், புள்ள, எல்லாம் அவருதான். நல்லாவே பார்த்துக்குவாரு, பொய் சொல்லக்கூடாது. தெனம் ஒரு முட்டை அவிப்பாரு, நீங்க குடுத்த அட்டையில ஒரு டிக்குப் போடுவாரு. இந்தா பாருங்க அட்டை. ஒரு நாள் விட்டிருக்காரா?

போன வாரம் எடை போடுற எடத்துல ஒருத்தி சொன்னா, முட்டை போகுது, புள்ள ஏறல, ஆத்தாக்காரிதான் முழுங்குறா போலன்னு. எல்லாரும் சிரிச்சாளுக. உங்க முர்தினாக்காவும்தான். ரோடு முழுக்க அழுதுட்டே வந்தேன். அவரு என் தலையத் தடவி, பேசுறவ பேசிட்டுப் போறா, விடும்மான்னாரு. மறுநாளும் அட்டையில டிக்குப் போட்டாரு சிஸ்டர்.

அவரு தின்னாரான்னா? இல்ல. ஒரு துண்டு தொட்டதில்ல.

நேத்து எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல. அவரு எங்கயோ வேலை கேக்கப் போயிருந்தாரு. நானே முட்டைய அவிச்சு, உரிச்சு, லாரஸ் கையில குடுத்தேன். வாயில வைக்கல. எந்திரிச்சுப் போயி என் சோத்து டப்பாவ எடுத்துட்டு வந்தா. வெறும் டப்பா. அதுக்குள்ள முட்டைய வெச்சு, மூடிய அமுக்கி, என் மடியில வெச்சா. அப்புறம் நூடுல்ஸ் குடுன்னு கேட்டா.

ஆமா. மூணு மாசமா தெனம் என் டப்பாவுல முட்டை இருக்கும். கூட்டாளி ஒருத்தன் பண்ணையிலேர்ந்து ஒடஞ்ச முட்டை தர்றான்னு சொன்னாரு, நம்பிட்டேன். ஒம்போது வருசத்துல எனக்குன்னு அவரு எதையும் எடுத்து வெச்சதே இல்ல சிஸ்டர். பக்கத்துல உக்காந்து சுத்துறவளுககிட்டக் காட்டிக் காட்டித் தின்னேன்.

அவருகிட்டக் கேட்டேனே. கொஞ்சமும் கூசல. போன வருசம் நீ மயங்கி விழுந்தப்ப வீடு என்னாச்சு, சம்பாதிக்கிற ஒடம்பு படுத்துட்டா மூணு பேருக்கும் கதி என்னங்குறாரு. புள்ளைக்கு நூடுல்ஸ் குடுத்தேனே, பாக்கெட்லயே புரோட்டீன்னு போட்டிருக்குங்குறாரு. முட்டைப் படமும் போட்டிருக்குதான். பாசம்னு நெனச்சேன். வண்டி மாட்டுக்குப் புண்ணாக்கு வெச்சிருக்காரு.

அன்னிக்கு எடை போடுற எடத்துல அவ சொன்னது பொய்யில்ல. எழுதிக்கங்க, ஆத்தாக்காரிதான் தின்னான்னு. ஆனா முட்டைய நிறுத்திராதீங்க. வீட்டுக்குக் குடுத்து விட வேணாம். நானே தெனம் விடிஞ்சதும் லாரஸ உங்ககிட்டத் தூக்கிட்டு வர்றேன், உங்க கையால ஊட்டுங்க. நான் ஊட்டிப் பார்த்துட்டேன் சிஸ்டர். வாய இறுக்கி மூடிக்கிறா. அம்மா வேலைக்குப் போகணும், அம்மா சாப்புடுங்குறா.